திரும்பத் தாண்டியவன்

1

இந்த வருஷம் என் கூடப்பிறந்த முத்தக்கா இறந்த நாள் செவ்வாய்க்கிழமையில் வந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு இங்கே படை நாள். அது என்ன படை என்று முதலிலேயே விளக்கிவிடுகிறேன். இல்லையென்றால் நான் துப்பாக்கியோடு ஏதோ எல்லையில் நிற்பதாக எங்கள் ஊர் தாயில்பட்டி முழுக்கப் பேசிக்கொள்வார்கள். ஏற்கெனவே அப்படித்தான் பேச்சு என்று கேள்வி.

நான் இருப்பது இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில். அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். அது சோற்றுக்கு. அது போகப் பகுதி நேரமாக ராணுவத்தின் ரிசர்வ் படையில் இருக்கிறேன். வாரத்தில் ஒரு சாயங்காலம், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருஷத்தில் ஒரு முகாம். மற்ற நாட்களில் நாங்கள் எல்லாரும் சாதாரண ஆட்கள். எங்கள் பிரிவில் ஒரு தபால்காரர், ஒரு பல் வைத்தியர், இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்கள் இருக்கிறார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவதுதான் எங்கள் பிரிவின் வேலை. என் முழுப்பெயர் கருப்பசாமி. அது அவர்கள் வாயில் நுழையாமல் சாமி ஆகிவிட்டது. ஊரில் சாமி என்றால் கும்பிடுவார்கள், இங்கே முதுகில் ஸ்ட்ரெச்சரைக் கட்டி மலையேறச் சொல்கிறார்கள்.

நாற்பது வயதுக்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று என் மனைவி செல்வி கேட்காத நாளில்லை. அவள் திருத்தங்கல்காரி, இங்கே நர்ஸ். அவளைக் கட்டியதால்தான் நானே இந்த நாட்டுக்கு வந்தேன். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். உடம்புக்கு நல்லது, நாலு பேர் பழக்கம், குடியுரிமை கொடுத்த நாட்டுக்குச் செய்கிற கடமை. ஒன்றும் பொய்யில்லை, ஒன்றும் உண்மையுமில்லை.

2

வேலைக்கும் படைக்கும் சைக்கிளில்தான் போகிறேன். காரைச் செல்வி எடுத்துக்கொள்வாள். வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஏழு மைல், போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். ஊரைக் கட்டியவன் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்கலாம் என்கிற மாதிரி ஊர் இது, எங்கே திரும்பினாலும் மேடு. நடுவில் டிராம் தண்டவாளம் வேறு. அதைக் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் உள்ளே மாட்டி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். முதல் மழைக்காலத்தில் இரண்டு தடவை விழுந்தேன்.

செவ்வாய் அன்று சைக்கிள் பையில் ஒரு குடும்பமே குடியிருக்கும். கம்பெனிச் சட்டை, சாப்பாட்டு டப்பா, சீருடை, பூட்ஸ். சீருடையைப் போட்டுக்கொண்டு தெருவில் சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் காலையில் ஒரு வேஷம், மத்தியானம் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஒரு வேஷம், சாயங்காலம் படை மையத்தின் கழிவறையில் ஒரு வேஷம். பூட்ஸ் நனைந்தால் அடுப்படி ஹீட்டர் பக்கத்தில்தான் காயும். “சோறு பொங்குற எடத்துல சோடு வைக்கிற ஆளை இங்கனதான் பாக்கேன்” என்பாள் செல்வி. சனி ஞாயிறு முகாம் வந்தால் கம்பெனியில் ஷிப்ட் மாற்ற ஒரு படிவம், படைக்கு ஒரு படிவம், செல்வியின் டூட்டியைப் பார்த்து வீட்டில் சமாதானம். இந்த மூன்றில் மூன்றாவதுதான் நேரம் எடுக்கும்.

சைக்கிளில் நான் ஏறுகிற விதத்தைப் பார்த்துப் படை ஆட்கள் சிரிப்பார்கள். இங்கே எல்லாரும் காலைப் பின்பக்கமாக வீசி ஏறுவார்கள். நான் காலை மடக்கி முன் கம்பிக்கு மேலே கொண்டுபோய் ஏறுவேன். நாற்பது வயதில் அது பார்க்க அழகாக இருக்காது. பின்னால் கேரியரில் ஆளை உட்கார வைத்து ஓட்டியவர்களுக்குத்தான் இது புரியும். பின்பக்கமாகக் காலை வீசினால் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் உதை விழும். நான் முத்தக்காவை உட்கார வைத்து வெம்பக்கோட்டை ரோட்டில் ஓட்டிய ஆள். இந்த சைக்கிளுக்குக் கேரியரே கிடையாது. ஆனாலும் காலைப் பின்னால் வீச எனக்கு மனசு வரவில்லை.

3

படையில் சேருவதற்கு விண்ணப்பம் போட்டபோது ஒரு கேள்வி இருந்தது. வெடிமருந்தைக் கையாண்டதுண்டா? எங்கள் பக்கத்து ஆளிடம் இதைக் கேட்பது, கடற்கரைக்காரனிடம் மீனைத் தொட்டதுண்டா என்று கேட்பது போல. உண்டு என்று டிக் அடித்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு மாதம் கழித்து என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

எங்கே, எந்த அமைப்பில், யார் பயிற்சி கொடுத்தது என்று கேட்டார் ஒரு அதிகாரி. தீபாவளிக்கு வெடிக்கிற பட்டாசு ஐயா, எங்கள் மாவட்டமே அதைத்தான் செய்கிறது, பிளஸ் டூ முடித்த கையோடு நானும் ஒரு சீசன் போனேன் என்றேன். எதற்காக விட்டேன் என்று கேட்டார். விபத்து என்றேன். விபத்துக்கு என்ன காரணம் என்றார். உராய்வு என்றேன்.

எங்கள் ஊரில் அதுதான் பதில். பேப்பரில் அப்படித்தான் போடுவார்கள். மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது, இத்தனை பேர் பலி. யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, உராய்வுதான் செய்தது. அவர் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு, குடும்பத்தில் யாருக்காவது பாதிப்பு உண்டா என்றார். அக்கா இறந்துவிட்டாள் என்றேன். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

4

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அப்பா இல்லாத வீட்டில் அவள் சம்பளத்தில்தான் நான் பிளஸ் டூ வரை படித்தேன். பாலிடெக்னிக் திறக்கிற வரை சும்மா இருப்பானேன் என்று அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கே என்னையும் கூட்டிப்போனாள். அது தீபாவளி ஆர்டர் குவிகிற சமயம். ஒரு ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்க வேண்டும். எங்கள் ரூமிலும் இருந்தது. மூன்று வாசலை அட்டைக்குழாய் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. நாலாவது வாசலில் வெளிச்சமும் காற்றும் வரும் என்று அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் குழாய்களை வைத்துத் திரி கோத்துக்கொண்டிருப்பாள்.

வேலைக்குப் போன முதல் நாளே அவள் எனக்குச் சொன்ன பாடம் ஒன்றுதான். புஸ்ஸென்று சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், திரும்பக் கூடாது. பெரிய சத்தம் வருவதற்கு முன்னால் அந்தச் சின்னச் சத்தம் வரும். அதற்கும் இதற்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் நமக்கு.

பக்கத்து ரூமில் அந்தச் சத்தம் வந்தது. நான் உள்ளே மூலையில் இருந்தேன். ஓடினேன். வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் காலைத் தாண்டி வெளியே குதித்து, வேலி வரைக்கும் ஓடினேன். வேலியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தபோது எங்கள் ரூம் அங்கே இல்லை.

அவள் வாசலிலேயே இருந்தவள். முதலில் வெளியே வந்திருக்க வேண்டியவள் அவள்தான்.

ஓடியவனை எங்கள் பக்கத்தில் யாரும் ஏன் ஓடினாய் என்று கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு மரியாதை உண்டு. ஓடாதவர்களைக் கேட்க முடியாது, ஓடியவர்களைக் கேட்கக் கூடாது. துட்டி வீட்டில் துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர் மட்டும் என் தோளைத் தட்டி, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். தலைப்பாகை என்று அவர் சொன்னது என் அக்காவை. அவரை அடித்துவிடலாம் போல இருந்தது.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, தெரிந்திருக்கும். கால் நீட்டி இருக்கிறவர்களைத் தாண்டிவிட்டால் அப்படியே திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டிவிட வேண்டும். இல்லையென்றால் தாண்டப்பட்டவர் வளர மாட்டார் என்பார்கள். சின்ன வயதில் நான் படுத்திருக்கும்போது அக்கா வேண்டுமென்றே தாண்டிவிட்டு ஓடுவாள். நான் அழுது ஊரைக் கூட்டித் திரும்பத் தாண்ட வைப்பேன். எனக்கு மூடநம்பிக்கை எதுவும் கிடையாது. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நான் திரும்பத் தாண்டவில்லை, அக்கா அதற்குப் பிறகு வளரவில்லை. எனக்கு நாற்பது ஆகிறது, அவள் இன்னும் இருபத்தொன்றில் நிற்கிறாள்.

கல்யாணம் ஆகாமல் இறந்ததால் அவள் எங்கள் வீட்டுக் கன்னித் தெய்வம். வருஷா வருஷம் அம்மா புதுச் சேலை எடுத்து வைத்துக் கும்பிடுவாள். முந்தைய வருஷத்துத் துணியை வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கொடுப்பது முறை. என் மகள் மித்ராவுக்குப் பதினொரு வயது. அவளுக்காகப் பாவாடை தாவணியாக எடுத்துப் படைத்து, போன வருஷம் பார்சலில் அனுப்பினாள் அம்மா. மித்ரா பிரித்துப் பார்த்தாள், அழகாக இருக்கிறது என்றாள், யாருடையது என்று கேட்டாள். அத்தைக்கு வைத்தது என்றேன். “செத்தவங்க டிரஸ்ஸை நான் எதுக்குப்பா போடணும்?” என்றாள் ஆங்கிலம் பாதி தமிழ் பாதியாக. மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் போட்டுப் பார்த்தாள், அளவாக இருந்தது என்று பொய் சொன்னேன்.

5

போன மாத முகாமில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஊருக்கு வெளியே மேட்டு நிலம், ஆட்டு மந்தைகளைத் தடுக்கக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்கு ஒரு வழி. அந்த வழியில் காயம்பட்டவளாக நடிக்க ஜோ என்ற பெண் படுத்திருந்தாள். கல்லூரியில் நர்சிங் படிப்பவள். நாங்கள் ஆறு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு கீழே பள்ளத்துக்குப் போக வேண்டும். எப்போது தாக்குதல் வரும் என்று சொல்ல மாட்டார்கள்.

சத்தம் மட்டும் போடுகிற பயிற்சிக் குண்டு ஒன்றை எங்கள் பிரிவின் சார்ஜன்ட் அம்மா எங்களுக்குப் பின்னால் எறிந்தார். பெரிய சத்தத்துக்கு எனக்குப் பயமில்லை, மருந்து வாடையும் என்னை ஒன்றும் செய்யாது. இரண்டுக்கும் பழகியவன். ஆனால் அந்தக் குண்டின் திரி எரிகிறபோது புஸ்ஸென்று வந்த சின்னச் சத்தம் என் காதில் விழுந்துவிட்டது. மற்றவர்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். பெரிய சத்தம் வருவதற்குள் நான் ஓட ஆரம்பித்திருந்தேன். ஜோவின் காலைத் தாண்டி, அந்தக் கல்வழியைத் தாண்டி, பத்துப் பன்னிரண்டு அடி போய்விட்டேன்.

அங்கே என் கால் நின்றது. தாண்டிவிட்டோமே என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. சண்டை, பயிற்சி, காயம் எதுவும் மனதில் இல்லை. திரும்பி ஓடி, அவள் காலை மறுபடி தாண்டி அந்தப் பக்கம் போனேன். ஒரு தடவை தாண்டிவிட்டுத் திரும்பத் தாண்டாமல் விட்ட ஆளைத் தவிர இந்தத் தப்பை வேறு யாரும் செய்ய முடியாது. எதிரி இருக்கிற பக்கமாகப் போய் நிற்கிறேன், புகை, இரண்டாவது குண்டும் வெடிக்கிறது. அப்போதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. வந்த இடத்தில் சும்மா நிற்க முடியாதே என்று அவள் தோள்பட்டை வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் விழுந்தேன். மற்ற ஐந்து பேரும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள்.

சார்ஜன்ட் கடைசியாக இழுத்ததை மட்டும் பார்த்திருக்கிறார். அந்தம்மா லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை. எல்லாரையும் உட்கார வைத்து, ஆறு பேரில் ஐந்து பேர் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள், ஒருவர்தான் திரும்பி வந்தார் என்றார். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காயம்பட்டவரை மீட்கும் பயிற்சி கொடுக்கிற குழுவில் என்னைச் சேர்க்கப் போவதாகவும், அடுத்த செவ்வாய் வந்து கையெழுத்துப் போடும்படியும் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

வேனில் வரும்போது ஜோ என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதற்காக முதலில் என்னைத் தாண்டிக் குதித்தீர்கள் என்று கேட்டாள். கால் தடுக்கிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

6

ஒரு வாரம் முழுக்க அந்தக் கையெழுத்து என்னோடு சைக்கிளில் வந்தது. ஏன் படையில் சேர்ந்தேன் என்பது எனக்குத் தெரியும். செல்விக்குச் சொல்லாத பதில் அதுதான். சத்தம் கேட்டும் ஓடாத ஆளாக ஒரு தடவையாவது இருக்க வேண்டும். அதற்கு மூன்று வருஷம் மேடு பள்ளமெல்லாம் மிதித்து, மழையில் நனைந்து, கடைசியில் சத்தம் கேட்டபோது என்ன செய்தேன்? ஓடினேன். அதற்குத்தான் கை தட்டினார்கள். திரும்பிப் போய்க் காப்பாற்றுவது எப்படி என்று நான் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பதா? நினைக்கவே கூசியது.

செவ்வாய் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலைப் பலகாரம் முடிகிற நேரம். பச்சைச் சேலை எடுத்திருப்பதாகச் சொன்னாள். சாமி கும்பிட்டாயிற்று, பணியாரம் சுட்டேன் என்றாள். நான் வாசல்படியில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாததைச் சொன்னேன்.

“அம்மா, நான் அக்கா காலைத் தாண்டித்தாம்மா வெளிய வந்தேன்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“தெரியும்ல” என்றாள்.

எங்கள் ரூமில் வேலை பார்த்த குருவம்மா சித்தி தீக்காயத்தோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துதான் இறந்தாள். அம்மா கூட இருந்து பார்த்துக்கொண்டாள். சித்தி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறாள். மடி நிறையக் குழாய் இருந்ததால் அக்காவால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தாலும் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருப்பாள். நான் ஓடி வருவதைப் பார்த்து நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். நான் போன பிறகு எழுந்திருக்க நேரமில்லை.

“பிள்ளைக்கு வழி விட்டாள்ல அவ” என்றாள் அம்மா.

இதை ஏன் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள்.

“எனக்குக் கோவம்ல, ஒம்மேல. அவ விட்டா, நீ போயிட்டே. ரெண்டு பேரையும் நாந்தான பெத்தேன். கோவத்தை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல? அவளுக்கும் ஒம்மேல கோவமாத்தான் இருந்திருக்கும்னு நெனச்சு நெனச்சு, வருசா வருசம் சேலை வைக்கேன், ஆறட்டும்னு.”

அன்று சைக்கிளில் ஏறவில்லை. ஏறினால் டிராம் தண்டவாளத்தில் நிச்சயம் விழுவேன் என்று தோன்றியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கம்பெனி வரைக்கும் நடந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷின் பக்கம் கைகாட்டினார்.

7

சாயங்காலம் படை மையத்தில் சார்ஜன்டிடம் உள்ளதைச் சொன்னேன். அன்று நான் காப்பாற்றத் திரும்பி வரவில்லை, எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றுக்காக வந்தேன் என்றேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் ஆங்கிலம் கோபத்தில் சரளமாக வரும், துக்கத்தில் வராது. நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை அப்படியே மேசையில் வைத்திருப்பதாகச் சொன்னார். வரும் சனிக்கிழமை புதியவர்களுக்கு நடக்கும் பயிற்சியில் காயம்பட்டவராகக் கல்வழியில் நான் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மழையில் அங்கே படுக்க யாரும் முன்வர மாட்டார்கள், உடனே சரி என்றார்.

சனிக்கிழமை ஈர மண்ணில் காலை நீட்டிப் படுத்தேன். வானமும் இரண்டு பக்கக் கல்லும்தான் தெரிந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அவர்களில் கிரெய்க் என்று ஒருவர், ரொட்டிக்கடையில் வேலை, நல்ல உயரம், முதல் முகாம். திரியின் சத்தம் கேட்டது. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. அதற்குள் குண்டு வெடித்தது. கிரெய்க் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கும் அந்த முகம்தான் இருந்திருக்கும்.

என் கால்கள் மடங்கின. நான் மடக்கவில்லை. யோசித்து, முடிவு செய்து, இவர் பிழைக்கட்டும் என்று நினைத்து எதுவும் நடக்கவில்லை. ஒரு ஆள் ஓடிவருகிறார், கால் மடங்கிவிட்டது, அவ்வளவுதான். அவருடைய பூட்ஸ் என் முழங்காலுக்கு மேலே போனது. “ஓடுலே” என்று என் வாய் சொன்னது, தமிழில்.

பயிற்சி முடிந்ததும் வேனின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கிரெய்க் வந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். தேவையே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து சேற்றைக்கூடக் கழுவாமல் அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பட்டாளத்தில் இப்படியெல்லாமா மண்ணில் படுக்க வைக்கிறார்கள் என்று முதலில் அதற்கு ஒரு பாட்டம் திட்டினாள். அப்புறம் கேட்டாள்.

“அவன் தாண்டிப் போகையில அவன்மேல ஒனக்குக் கோவம் வந்துச்சால?”

“வரலைம்மா.”

“கொஞ்சங்கூடவா?”

“கொஞ்சங்கூட வரலை.”



“அப்பம் அவளுக்கும் வந்திருக்காது” என்றாள். பிறகு, மித்ரா சாப்பிட்டாளா என்று கேட்டாள்.